டெபிட் கார்டை மட்டும் வைத்துக்கொண்டு வெளிநாட்டில் வாடகைக் கார் எடுப்பது: முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனில் எனக்கு ஒரு சின்னக் கடை. நகல் எடுப்பது, பாரம் நிரப்புவது, விமான டிக்கெட் போடுவது, இதுதான் வேலை. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலோரிடம் கிரெடிட் கார்டு கிடையாது. ஆண்டு வருமானம் 24,000 ரிங்கிட் இருந்தால்தான் வங்கி அந்த அட்டையைத் தரும். ஓய்வு பெற்றவர்களிடம் காட்டுவதற்குச் சம்பளச் சீட்டும் இருக்காது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் நள்ளிரவு தாண்டி போன் வந்தது. தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகனின் பட்டமளிப்புக்காகக் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போயிருந்தார். "தம்பி, காசெல்லாம் கட்டியாச்சு, காடியைக் குடுக்க மாட்டேங்கிறாங்க" என்றார். இணையத்தில் அவருடைய டெபிட் கார்டிலிருந்துதான் நான் வாடகையைக் கட்டியிருந்தேன். கவுண்டரில் டெபாசிட்டுக்குக் கிரெடிட் கார்டு கேட்டார்கள். அவரிடம் இல்லை. காரும் கிடைக்கவில்லை, கட்டிய பணமும் திரும்பவில்லை. அந்த நிபந்தனை முன்பதிவுப் பக்கத்தின் அடியில் எழுதித்தான் இருந்தது. நான் படிக்கவில்லை.

அதற்குப் பிறகு பல குடும்பங்களுக்கு டெபிட் கார்டிலேயே கார் எடுத்துக் கொடுத்துவிட்டேன். கீழே இருக்கும் வரிசை அப்படிச் செய்து பார்த்துத் தேறியது. வரிசையை மாற்றாதீர்கள். பெரும்பாலான சிக்கல்கள் ஐந்தாவது படியை முதலில் செய்வதால்தான் வருகின்றன.

1. வாடகை வேறு, டெபாசிட் வேறு

வாடகை என்பது நீங்கள் கட்டி முடிக்கும் பணம். டெபாசிட் என்பது வண்டி பத்திரமாகத் திரும்பும் வரை நிறுவனம் உங்கள் அட்டையில் முடக்கி வைக்கும் பணம். வாடகையை எந்த அட்டையில் கட்டினாலும் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். டெபாசிட்டுக்கு எந்த அட்டை என்பதில்தான் கெடுபிடி.

இந்த முடக்கம் நமக்குப் புதிதல்ல. இங்கே பெட்ரோல் நிலையத்தில் பம்பிலேயே டெபிட் கார்டைச் செருகினால் 30 ரிங்கிட்டுக்கு எண்ணெய் ஊற்றினாலும் கணக்கில் 200 ரிங்கிட் முடங்கிவிடும். மீதி திரும்ப இரண்டு மூன்று நாள் ஆகும். அதனால்தான் பலர் உள்ளே போய்க் காசாளரிடம் "பம்ப் 4, முப்பது வெள்ளி" என்று சொல்லிக் கட்டுகிறார்கள். வாடகைக் கார் டெபாசிட்டும் அதே முறைதான். தொகை பெரிது, திரும்பும் நாட்களும் அதிகம்.

கிரெடிட் கார்டில் முடங்குவது வங்கி தந்த கடன் வரம்பு. டெபிட் கார்டில் முடங்குவது உங்கள் சொந்தப் பணம். கிரெடிட் கார்டில் அபராதமோ சேதமோ பின்னால் வந்தாலும் பிடித்துக்கொள்ளலாம். டெபிட் கணக்கு காலியாக இருந்தால் நிறுவனத்துக்கு வழியில்லை. அவர்கள் தயங்குவதற்குக் காரணம் இதுதான். இது புரிந்தால் கூடுதல் டெபாசிட் ஏன் கேட்கிறார்கள், திரும்பும் டிக்கெட்டை ஏன் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் தானாகப் புரியும்.

2. கையில் இருப்பது என்ன அட்டை என்று பாருங்கள்

அட்டையை எடுத்து இரண்டு பக்கமும் பாருங்கள். விசா அல்லது மாஸ்டர்கார்டு சின்னம் இருக்க வேண்டும். மைடெபிட் சின்னம் மட்டும் இருந்தால் அது உள்நாட்டு அட்டை, வெளிநாட்டுக் கவுண்டரில் வேலைக்கு ஆகாது.

அடுத்து, அது வங்கிக் கணக்கோடு இணைந்த டெபிட் கார்டா, பணம் ஏற்றிப் பயன்படுத்தும் பிரிபெய்டு கார்டா என்று பாருங்கள். பிக்பே, டச் என் கோ விசா அட்டைகளை இளைஞர்கள் நிறையப் பயன்படுத்துகிறார்கள். அவை பிரிபெய்டு வகை. சாப்பாட்டுக்கும் பேருந்துக்கும் நன்றாக உதவும். ஆனால் பெரும்பாலான வாடகைக் கார் நிறுவனங்கள் டெபாசிட்டுக்கு இவற்றை ஏற்பதில்லை. கவுண்டரில் இருப்பவர் பார்த்துத் தெரிந்துகொள்ளாவிட்டாலும், அட்டை எண்ணின் முதல் இலக்கங்களை வைத்து இயந்திரம் கண்டுபிடித்துவிடும்.

மூன்றாவது, அட்டையில் உங்கள் பெயர் அச்சாகியிருக்கிறதா? சில வங்கிகள் கவுண்டரில் உடனடியாகக் கொடுக்கும் அட்டையில் பெயரே இருக்காது. வெளிநாட்டில் அதை நீட்டினால் "இது உங்கள் அட்டை என்று எப்படி நம்புவது?" என்று கேட்பார்கள். பெயர் அச்சிட்ட அட்டை வேண்டும் என்று உங்கள் கிளையில் கேளுங்கள். வந்து சேர நாளாகலாம் என்பதால் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

இந்த இடத்தில் ஒரு குறுக்கு வழி சொல்கிறேன், முற்றிலும் முறையானது. பிள்ளைகளில் யாரிடமாவது கிரெடிட் கார்டு இருந்தால் அப்பா பெயரில் துணை அட்டை ஒன்று எடுக்கலாம். அட்டையில் அப்பாவின் பெயர் இருக்கும், கட்டுவது பிள்ளையின் கணக்கு. ஆண்டுக்கு 25 ரிங்கிட் சேவை வரி உண்டு. வாடகைக் கார் கவுண்டரில் அது கிரெடிட் கார்டுதான். நிரந்தர வைப்புத்தொகையைப் பிணையாக வைத்தால் வருமானச் சான்று கேட்காமல் கிரெடிட் கார்டு கொடுக்கும் வங்கிகளும் இருக்கின்றன. இந்த இரண்டில் ஒன்று உங்களுக்கு ஒத்துவந்தால் கீழே இருப்பதில் பாதித் தொல்லை குறையும்.

3. பெயர் ஒத்துப்போக வேண்டும்: ஏ/எல், ஏ/பி சிக்கல்

நம் மக்கள் அதிகமாக மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். இணையத்தில் கிடைக்கும் வேற்றுநாட்டு வழிகாட்டிகள் எதிலும் இது இருக்காது.

கடப்பிதழில் (பாஸ்போர்ட்டில்) "முருகன் ஏ/எல் சுப்பையா" என்று இருக்கும். ஏ/எல் என்றால் இன்னாரின் மகன், ஏ/பி என்றால் இன்னாரின் மகள். முன்பதிவுப் பக்கம் சாய்கோட்டை ஏற்காது. முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் கொடுக்கும். சிலர் குடும்பப் பெயரில் "ஏஎல்" என்று மட்டும் போட்டுவிடுகிறார்கள். சிலர் இரண்டு கட்டத்திலும் முருகன் என்று போடுகிறார்கள். வங்கி அட்டையில் இடம் போதாமல் "முருகன் ஏஎல் சுப்" என்று வெட்டுப்பட்டும் இருக்கும். கவுண்டரில் கடப்பிதழ், லைசன்ஸ், அட்டை, முன்பதிவுத் தாள் நான்கையும் வரிசையாக வைத்து ஒருவர் ஒப்பிடுகிறார் என்று நினைத்துப் பாருங்கள். ஏ/எல் என்றால் மகன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நான் செய்வது இது. முதல் பெயர்க் கட்டத்தில் சொந்தப் பெயர், குடும்பப் பெயர்க் கட்டத்தில் தந்தை பெயர். ஏ/எல், ஏ/பி இரண்டையும் விட்டுவிடுவேன். எழுத்துகள் கடப்பிதழில் உள்ளபடியே இருக்கும். விமான டிக்கெட்டிலும் இதே முறையைக் கடைப்பிடிக்கிறேன், இரண்டு தாளும் ஒன்றாக இருக்கும். வங்கி அட்டையில் தந்தை பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருந்தால் அட்டையை மாற்றித் தரும்படி கேளுங்கள், அல்லது முழுப் பெயர் காட்டும் வங்கி அறிக்கை ஒன்றை அச்சிட்டுக் கொண்டுபோங்கள்.

பெண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடையாளக் கார்டிலும் கடப்பிதழிலும் தந்தை பெயர்தான் இருக்கும். பழக்கத்தில் கணவர் பெயரைப் போட்டு முன்பதிவு செய்தால் கவுண்டரில் வேறு ஆள் ஆகிவிடுவீர்கள்.

இன்னொன்று. மகளின் அட்டையில் டெபாசிட், அப்பா ஓட்டுநர் என்ற ஏற்பாடு பெரும்பாலான இடங்களில் நடக்காது. யார் பெயரில் முன்பதிவோ அவர் பெயரில்தான் அட்டை, அவர் பெயரில்தான் லைசன்ஸ். அவரே கவுண்டரில் நிற்க வேண்டும். மற்றவர்கள் ஓட்ட வேண்டுமானால் கூடுதல் ஓட்டுநராகச் சேர்க்கலாம். ஆகவே குடும்பத்தில் யார் முதன்மை ஓட்டுநர் என்பதை அட்டையைப் பார்த்து முடிவு செய்யுங்கள், யார் நன்றாக ஓட்டுவார் என்று பார்த்து அல்ல.

4. லைசன்ஸும் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியும்

சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் மைஜேபிஜே செயலி வந்த பிறகு பலர் லைசன்ஸ் அட்டையைக் கையில் வைத்துக்கொள்வதே இல்லை. உள்நாட்டில் சரி. வெளிநாட்டுக் கவுண்டரில் கைப்பேசித் திரையைக் காட்டி வண்டி எடுக்க முடியும் என்று நம்பாதீர்கள். ஜேபிஜே அலுவலகத்தில் அட்டையாக வாங்கிக்கொள்ளுங்கள்.

அங்கே போகும்போதே அனைத்துலக ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துவிடலாம். நாம் ஐடிபி என்று சொல்வது. 150 ரிங்கிட், ஒரு வருடம் செல்லும். அடையாளக் கார்டு, லைசன்ஸ், கடப்பிதழ், கடப்பிதழ் அளவுப் படம், எல்லாவற்றுக்கும் நகல் கொண்டுபோங்கள். லைசன்ஸ் முடியும் தேதி பக்கத்தில் இருந்தால் முதலில் அதைப் புதுப்பியுங்கள், இல்லாவிட்டால் ஐடிபியின் காலமும் அதோடு சுருங்கிவிடும். ஐடிபி தனியாகச் செல்லாது, அசல் லைசன்ஸ் கூடவே இருக்க வேண்டும்.

நம் லைசன்ஸில் மலாயோடு ஆங்கிலமும் இருப்பதால் ஆஸ்திரேலியாவில் ஐடிபி தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள். சாலையில் காவலர் ஏற்கலாம், கவுண்டரில் இருப்பவர் ஏற்பாரா என்பது அந்த நிறுவனத்தின் விதியைப் பொறுத்தது. டெபிட் கார்டோடு போகிறவரிடம் ஏற்கெனவே ஒரு கேள்வி இருக்கிறது, இரண்டாவது கேள்விக்கு ஏன் இடம் கொடுக்க வேண்டும்? ஜப்பானில் ஐடிபி இல்லாமல் வண்டியே கிடையாது. ஆசியான் நாடுகளில் ஒருவர் லைசன்ஸை மற்றவர் ஏற்க 1985-லேயே உடன்பாடு இருக்கிறது, அதனால் தாய்லாந்தில் நம் லைசன்ஸ் செல்லும்.

புதிதாக ஓட்ட வந்தவர்களுக்கான சோதனைக் கால பி லைசன்ஸ் வைத்திருக்கும் பிள்ளையை முதன்மை ஓட்டுநராகப் போடாதீர்கள். முழு லைசன்ஸ் வாங்கி ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் கேட்கின்றன. 25 வயதுக்குக் கீழே என்றால் நாளுக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணமும் சேரும்.

5. முதலில் நிபந்தனை, அப்புறம் கடிதம், கடைசியில் முன்பதிவு

விலை ஒப்பிடும் தளங்களில் "டெபிட் கார்டு ஏற்கப்படும்" என்று பார்த்ததும் மனம் குளிர்ந்துவிடும். அது தளத்தில் வாடகை கட்டுவதற்காக இருக்கலாம். டெபாசிட் வாங்கப்போவது அந்தத் தளம் அல்ல, விமான நிலையத்தில் இருக்கும் நிறுவனம்.

அதனால் தளத்தில் விலையை மட்டும் பாருங்கள். எந்த நிறுவனம், எந்தக் கிளை என்று குறித்துக்கொண்டு அந்த நிறுவனத்தின் சொந்தப் பக்கத்துக்குப் போய் வாடகை நிபந்தனையைத் திறவுங்கள். கட்டண முறை, டெபாசிட் என்ற பகுதிகளைத் தேடிப் படியுங்கள். ஒரே நிறுவனத்தின் நகரக் கிளையில் ஒரு விதி, விமான நிலையக் கிளையில் வேறு விதி இருப்பதுண்டு. நாட்டுக்கு நாடும் மாறும்.

வண்டி வகையையும் பாருங்கள். நம் குடும்பங்கள் எட்டு ஒன்பது பேராகப் போவதால் வேன் கேட்கிறார்கள். டெபிட் கார்டுக்குச் சின்ன, நடுத்தர வண்டிகள் மட்டும்தான் என்று பல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. அப்படியானால் இரண்டு சின்னக் கார், இரண்டு ஓட்டுநர், இரண்டு டெபிட் கார்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் கொஞ்சம் கூடும், ஆனால் வண்டி கிடைக்கும்.

அடுத்து அந்தக் கிளைக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். எளிய ஆங்கிலத்தில் நான்கு வரி போதும். மலேசிய வங்கியின் விசா டெபிட் கார்டைக் கவுண்டரில் டெபாசிட்டுக்கு ஏற்பீர்களா? டெபாசிட் எவ்வளவு? பணத்தை முடக்குவீர்களா, இல்லை எடுத்துக்கொண்டு பிறகு திருப்பித் தருவீர்களா? வேறு என்ன ஆவணம் வேண்டும்? உங்கள் விமானம் வரும் நேரத்தையும் எழுதிக் கவுண்டர் திறந்திருக்குமா என்று கேளுங்கள். பெர்த்துக்கும் நமக்கும் ஒரே நேரம்தான், ஆனால் இங்கிருந்து போகும் விமானங்களில் சில அங்கே பின்னிரவில் இறங்குகின்றன.

"வெளிநாட்டு டெபிட் கார்டு" என்று தெளிவாக எழுதுவது முக்கியம். வெறும் டெபிட் கார்டு என்று கேட்டால் உள்ளூர்க்காரர் என்று நினைத்துச் சரி என்று பதில் போட்டுவிடுவார்கள். வந்த பதிலை அச்சிட்டுக் கோப்பில் வையுங்கள். தொலைபேசியில் சொன்னதைக் கவுண்டரில் காட்ட முடியாது.

பதில் கைக்கு வந்த பிறகுதான் முன்பதிவு. முடிந்தால் "கவுண்டரில் கட்டலாம்", "இலவசமாக ரத்து செய்யலாம்" என்று இருப்பதை எடுங்கள். சில ரிங்கிட் கூடுதலாக இருக்கும். பெர்த் போன அந்தக் குடும்பத்துக்கு நான் அன்று முன்பணம் கட்டாமல் இருந்திருந்தால் வண்டி மட்டும்தான் போயிருக்கும், பணம் மிஞ்சியிருக்கும்.

6. காப்புறுதியில் மூன்று சொற்கள் போதும்

அடிப்படைக் காப்புறுதி பெரும்பாலும் வாடகையிலேயே இருக்கும். வண்டி சேதமானால் நீங்கள் கட்ட வேண்டிய உச்சத் தொகை ஒன்று ஒப்பந்தத்தில் இருக்கும். அதைத் தன்பொறுப்புத் தொகை என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவில் அது ஆயிரக்கணக்கான டாலர். மூன்றாவது, அந்தத் தொகையைக் குறைக்க நிறுவனமே விற்கும் கூடுதல் பாதுகாப்பு.

விலை ஒப்பிடும் தளங்கள் இதைவிட மலிவாக ஒரு "முழுப் பாதுகாப்பு" விற்கும். அது வேறு நிறுவனத்தின் காப்புறுதி. வண்டி கீறினால் முதலில் நீங்கள் கட்டிவிட்டு, பிறகு அவர்களிடம் கேட்டு வாங்க வேண்டும். கவுண்டரில் இருப்பவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, உங்கள் டெபாசிட்டும் குறையாது. கிரெடிட் கார்டு உள்ளவருக்கு அது லாபம். டெபிட் கார்டு உள்ளவருக்கு நான் நிறுவனத்தின் கூடுதல் பாதுகாப்பையே சொல்வேன். பல இடங்களில் அதை எடுத்தால் டெபாசிட் இறங்குகிறது, சில இடங்களில் டெபிட் கார்டுக்கு அது கட்டாயமாகவே இருக்கிறது. அந்தச் செலவையும் சேர்த்துத்தான் வாடகையைக் கணக்கிட வேண்டும்.

7. கணக்கில் எவ்வளவு, எந்தக் கணக்கில்

ஓர் உதாரணக் கணக்கு. ஆறு நாள் வாடகை 420 ஆஸ்திரேலிய டாலர், டெபாசிட் 500 டாலர். கவுண்டரில் ஒரே நேரத்தில் 920 டாலர் போகும். டாலரை 3 ரிங்கிட் என்று வைத்தால் 2,760 ரிங்கிட். மாற்று விகிதம் அன்றன்று ஏறி இறங்கும், வங்கியின் வெளிநாட்டுக் கட்டணமும் உண்டு. ஆகவே 3,000 ரிங்கிட் இதற்கென்று ஒதுக்குங்கள். சாப்பாடு, பெட்ரோல், தங்குமிடம் எல்லாம் இதற்கு மேல். டெபாசிட் பயணம் முடியும் வரை வராது என்று எழுதி வைத்துக்கொண்டே செலவைத் திட்டமிடுங்கள்.

இந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போடுங்கள். சம்பளம் வந்து, வீட்டுக் கடனும் காருக்கான தவணையும் தானாகப் பிடிபடும் கணக்கில் டெபாசிட்டை முடக்கினால், பணம் இருப்பது போலத் தெரியும், தவணை பிடிக்காமல் திரும்பும். அப்படி ஒருவர் ஊர் திரும்பியதும் வங்கிக்கு அலைந்ததைப் பார்த்தேன்.

அட்டையில் இரண்டு பூட்டுகளைத் திறக்க வேண்டும். மலேசிய டெபிட் கார்டுகள் வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கு மூடியே வரும். செயலியிலோ ஏடிஎம்மிலோ வங்கிக்கு அழைத்தோ நீங்கள்தான் திறக்க வேண்டும். அடுத்தது ஒரு நாள் செலவு வரம்பு. மேலே சொன்ன கணக்கில் வரம்பு 2,000 ரிங்கிட் என்று இருந்தால் கணக்கில் பத்தாயிரம் இருந்தாலும் இயந்திரம் மறுத்துவிடும். ஏடிஎம்மில் பணம் எடுக்கும் வரம்பு வேறு, அட்டையால் வாங்கும் வரம்பு வேறு. நீங்கள் உயர்த்த வேண்டியது இரண்டாவதை.

பின் எண் நினைவிருக்கிறதா என்று இங்கேயே ஒருமுறை அழுத்திப் பாருங்கள். தட்டிக் கட்டியே பழகியவர்களுக்கு ஆறு இலக்கமும் மறந்திருக்கும். கவுண்டரில் பெரிய தொகைக்கு அட்டையைச் செருகச் சொல்வார்கள்.

8. தாய்லாந்து, தமிழ்நாடு போகிறவர்களுக்கு

கிராபி, புக்கெட் பக்கம் சின்னச் சின்ன உள்ளூர் நிறுவனங்கள் ரொக்கமாகவே டெபாசிட் வாங்குகின்றன. கையெழுத்திட்ட ரசீது இல்லாமல் ரொக்கம் கொடுக்காதீர்கள். கடப்பிதழைப் பிணையாகக் கேட்டால் நகல் மட்டும் கொடுங்கள். அசலை வைத்துக்கொள்வேன் என்றால் வேறு கடை பாருங்கள். வண்டியில் ஒரு கீறல் என்று தகராறு வந்தால் கடப்பிதழ் அவர்கள் கையில் இருக்கும், உங்களால் ஊருக்குக் கிளம்ப முடியாது.

தமிழ்நாட்டுக் கோயில் பயணத்துக்கு என் யோசனை, ஓட்டுநரோடு வண்டி எடுங்கள். டெபாசிட் கிடையாது, அட்டை கேட்க மாட்டார்கள், பேச்சும் தமிழிலேயே முடிந்துவிடும். நாமே ஓட்டுவோம் என்றால் எண் பலகையைப் பாருங்கள். தானே ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. ஓட்டுநரோடு வரும் வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் அது சொந்த வண்டி, வாடகைக்கு விட அனுமதியில்லை. தெரிந்தவர் மலிவாகத் தருகிறார் என்று அதை எடுத்து விபத்து நடந்தால் காப்புறுதி கைகொடுக்காது.

9. கவுண்டரில்

ஒரே கோப்பில் இந்த வரிசையில் வையுங்கள்: கடப்பிதழ், லைசன்ஸ், ஐடிபி, முன்பதிவுத் தாள், டெபிட் கார்டு பற்றிய மின்னஞ்சல் பதில், திரும்பும் விமான டிக்கெட், தங்கும் இடத்தின் முகவரி. டெபிட் கார்டுக்காரரிடம் திரும்பும் டிக்கெட் கேட்பது சாதாரணம். முகத்தைச் சுளிக்க வேண்டாம், எடுத்து நீட்டுங்கள்.

முதல் வார்த்தையிலேயே டெபிட் கார்டு என்று சொல்லிவிடுங்கள், மின்னஞ்சலைக் காட்டுங்கள். எல்லாம் தட்டச்சு செய்து முடித்த பிறகு சொன்னால் அவருக்கும் எரிச்சல், மறுக்கவும் எளிது. மறுத்தால் குரலை உயர்த்தாமல், மேலாளர் இந்தப் பதிலைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். கவுண்டரில் இருப்பவர் மறுத்ததை மேலாளர் பலமுறை சரிசெய்து கொடுத்திருக்கிறார்.

ஆஸ்திரேலியாவில் ஒரு விஷயம் பலரைக் குழப்புகிறது. அட்டையைச் செருகியதும் இயந்திரம் காசோலைக் கணக்கா, சேமிப்பா, கிரெடிட்டா என்று கேட்கலாம். நம் அட்டை சேமிப்புக் கணக்கோடு இணைந்தது என்பதால் பலர் சேமிப்பை அழுத்துகிறார்கள். மறுக்கப்படுகிறது. முதலில் சொன்ன குடும்பத்து அம்மா இரண்டாவது பயணத்தில் இதைத்தான் செய்தார், மூன்று முறை. சேமிப்பு என்பது அந்நாட்டு வங்கிக் கணக்குகளுக்கான பாதை. வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு டெபிட் கார்டுக்குக் கிரெடிட்டைத்தான் அழுத்த வேண்டும். அதனால் கடன் எதுவும் ஏறாது. விசா பாதையில் போ என்று இயந்திரத்துக்குச் சொல்கிறீர்கள், அவ்வளவுதான்.

ரிங்கிட்டில் கட்டுகிறீர்களா, டாலரிலா என்று கேட்டால் டாலர் என்று சொல்லுங்கள். ரிங்கிட் என்றால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரத்துக்காரர் வைப்பார், பெரும்பாலும் நமக்கு நட்டம்.

கையெழுத்துப் போடும் முன் டெபாசிட் தொகை, தன்பொறுப்புத் தொகை, கேட்காமல் சேர்த்த கட்டணம் ஏதும் உண்டா, இந்த மூன்றையும் விரலை வைத்துப் படியுங்கள். பின்னால் பத்துப் பேர் நின்றாலும் பரவாயில்லை.

10. சாவியை வாங்கியதும்

வண்டியை ஒரு சுற்று காணொளி எடுங்கள். பம்பர் அடிப்பகுதி, சக்கர வளையம், முன் கண்ணாடி, கூரை நான்கையும் தனியாகப் படமெடுங்கள், தகராறு அங்கேதான் வரும். எண்ணெய் அளவு முள்ளையும் ஓடிய கிலோமீட்டரையும் ஒரே படத்தில் பிடியுங்கள். இருட்டாக இருந்தால் வெளிச்சத்துக்கு நகர்த்தி எடுங்கள். இருக்கும் கீறல்கள் தாளில் ஏறாவிட்டால் கிளம்பாதீர்கள். டெபிட் கார்டில் பணம் ஏற்கெனவே அவர்கள் பக்கம் இருக்கிறது, வாதாடி வாங்க வேண்டியவர் நீங்கள்.

11. ஓட்டும் நாட்களில்

ஆஸ்திரேலியாவிலும் இடப்பக்கம்தான், கை பழகிவிடும். ஊருக்கு வெளியே இருட்டிய பிறகு ஓட்டுவதையும் தார் போடாத சாலையில் போவதையும் பல ஒப்பந்தங்கள் காப்புறுதியிலிருந்து விலக்குகின்றன. அந்தி நேரத்தில் கங்காரு குறுக்கே பாயும். மார்கரெட் ரிவர் பக்கம் போனால் வெளிச்சம் இருக்கும்போதே தங்குமிடம் சேருங்கள். பெர்த் இருக்கும் மேற்கு ஆஸ்திரேலியாவில் சாலைக் கட்டணம் கிடையாது. மெல்பர்ன், சிட்னியில் உண்டு, அங்கே கட்டாமல் விட்டால் நிறுவனத்தின் நிர்வாகக் கட்டணமும் சேர்ந்து வரும்.

பெட்ரோலை அங்கே பெரும்பாலும் ஊற்றிவிட்டு உள்ளே போய்க் கட்ட வேண்டும். எந்த வகை என்பதை எண்ணெய் மூடியின் உள்பக்கம் பார்த்து ஊற்றுங்கள். தவறான எண்ணெயைக் காப்புறுதி ஏற்காது.

12. வண்டியைக் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறுவது

கிளைக்குப் பக்கத்திலேயே எண்ணெய் நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டர் திறந்திருக்கும் நேரத்தில் ஒப்படையுங்கள். சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு விமானம் ஏறுவது கிரெடிட் கார்டுக்காரருக்குச் சரி. நீங்கள் ஓர் ஊழியரை அழைத்து வண்டியைப் பார்க்கச் சொல்லி, சேதம் எதுவுமில்லை என்று எழுதிய இறுதிக் கணக்குத் தாளை வாங்குங்கள். இதற்காக விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வரும்படி திட்டமிடுங்கள்.

டெபாசிட்டை எப்போது விடுவிப்பார்கள் என்று கேட்டு அதே தாளில் தேதியை எழுதிக்கொள்ளுங்கள். நிறுவனம் அன்றே விடுவித்தாலும் நம் வங்கிக் கணக்கில் தெரிய நாளாகும். நான் பார்த்தவரை ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை. முடக்கிய பணமாக இருந்தால் அதே தொகை அப்படியே விடுபடும். எடுத்துவிட்டுத் திருப்பித் தருவதாக இருந்தால் அன்றைய மாற்று விகிதத்தில் வரும், சில ரிங்கிட் கூடவோ குறையவோ இருக்கும். அதைத் தவறு என்று நினைத்துச் சண்டை போட வேண்டாம்.

மூன்று வாரம் தாண்டினால் முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சல், ஒப்பந்த எண்ணோடு. விடுவித்துவிட்டோம் என்று பதில் வந்தால் அதையும் இறுதிக் கணக்குத் தாளையும் எடுத்துக்கொண்டு உங்கள் வங்கிக் கிளைக்குப் போங்கள். தாள் இல்லாமல் போனால் வங்கியால் காத்திருங்கள் என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

பணம் வந்த பிறகும் அந்தக் கணக்கை உடனே மூட வேண்டாம். வேகக் கட்டுப்பாட்டை மீறிய படம், நிறுத்துமிட அபராதம் எல்லாம் நிறுவனத்தின் வழியாகச் சில வாரம் கழித்து வரும். இரண்டு மாதம் கணக்கைத் திறந்து வைத்து, அறிக்கையை வாரம் ஒருமுறை பாருங்கள். வெளிநாட்டுப் பயன்பாட்டை மட்டும் செயலியில் மூடிவிடலாம், ஆனால் டெபாசிட் முழுதாக வந்து சேர்ந்த பிறகு.

பெர்த் போன அந்தக் குடும்பத்துக்குப் போன வருடம் இரண்டாம் முறை வண்டி எடுத்தோம், இளைய மகளின் பட்டமளிப்புக்கு. அதே டெபிட் கார்டு, வேறு நிறுவனம். 500 டாலர் டெபாசிட் பன்னிரண்டாம் நாள் திரும்பியது. அந்தப் பெரியவர் கணக்கு அறிக்கையைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, அந்த வரியின் கீழே பேனாவால் கோடு போட்டுக் காட்டினார்.